இரண்டு வளாகங்கள், ஒரு பேராசிரியர் வேலை: நோபல் விஞ்ஞானி மேக்ஸ் போர்னை பெங்களூரு ஏன் இழந்தது?

கங்காதர நெல்லூர், சித்தூர், திருப்பதி பக்கத்திலிருந்து படிக்கவோ வேலைக்கோ பெங்களூரு போனவரா நீங்க? அப்போ பலமநேர், முல்பாகல், கோலார் வழியா போகிற அந்த ரோடு உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். ஊருக்குள் மல்லேஸ்வரம் தாண்டி யஷ்வந்த்பூர் போகிற வழியில், மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய வளாகத்தையும் பார்த்திருப்பீங்க. ஊர்க்காரர்கள் இன்னும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்கிற இந்திய அறிவியல் கழகம், அதாவது ஐ.ஐ.எஸ்.சி.

1936-ல் அந்த வளாகத்தில் ஒரு மீட்டிங் நடந்தது. ஹிட்லரின் ஜெர்மனியில் வேலையைப் பறிகொடுத்த ஒரு யூத விஞ்ஞானிக்கு இங்கே நிரந்தர வேலை தரலாமா என்பதுதான் விவாதம். தரவில்லை. அவர் கிளம்பிப் போனார். 18 வருடம் கழித்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் பெயர் மேக்ஸ் போர்ன். பல்கலைக்கழகங்களுக்குள் யூத வெறுப்பு எப்படி வேலை செய்தது என்று புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கை நல்ல உதாரணம். அவர் மாணவராகவும் ஆசிரியராகவும் அகதியாகவும் அதைப் பார்த்தவர். அந்தக் கதையில் நம்ம ஊரும் வருகிறது.

யார் இந்த மேக்ஸ் போர்ன்?

1882 டிசம்பர் 11-ல் பிரெஸ்லாவ் நகரத்தில் பிறந்தார். அன்று அது ஜெர்மனி, இன்று போலந்து. அப்பா குஸ்டாவ் போர்ன், பல்கலைக்கழகத்தில் கருவியல் ஆராய்ச்சியாளர். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார், 1900-ல் அப்பாவையும்.

யூதக் குடும்பம்தான். ஆனால் வீட்டில் மதச் சடங்குகள் பெரிசா கிடையாது. தங்களை ஜெர்மானியர்களாகவே நினைத்து வாழ்ந்த படித்த நடுத்தர வர்க்கம். இந்த விவரத்தை நினைவில் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

மாணவராக இருந்தபோது கேம்பஸ் எப்படி இருந்தது?

1901-ல் அவர் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, சட்டப் புத்தகத்தில் யூதர்களுக்குச் சம உரிமை வந்து 30 வருடம் ஆகியிருந்தது. அட்மிஷன் கிடைக்கும், பரீட்சை எழுதலாம், பட்டம் வாங்கலாம். அப்படியென்றால் பிரச்சினை எங்கே?

வகுப்புக்கு வெளியே இருந்தது. ஜெர்மன் மாணவர் வாழ்க்கையே அன்று சங்கங்களைச் சுற்றித்தான் ஓடியது. தங்குவது, குடிப்பது, வாள் சண்டை போடுவது, பின்னாளில் வேலைக்குச் சிபாரிசு பிடிப்பது என எல்லாமே அந்தச் சங்கங்கள் வழியாகத்தான். அவற்றில் பல யூதர்களைச் சேர்ப்பதில்லை. அதனால் யூத மாணவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். அப்படி ஜெர்மனியில் உருவான முதல் சங்கம் வியாட்ரினா. 1886-ல் அது தொடங்கியது இதே பிரெஸ்லாவில்தான்.

இன்னொரு தடை படிப்பு முடிந்த பிறகு வரும். மதம் மாறாத யூதர் முழுப் பேராசிரியர் ஆவது அரிது. எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது. இவர் நம்ம துறைக்குச் சரிப்பட்டு வருவாரா என்று யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள், ஃபைல் அப்படியே நின்றுவிடும். ஆஃபீஸில் வேலை பார்க்கிற யாருக்கும் இந்த முறை புதுசா இருக்காது.

பிரெஸ்லாவில் போர்னுக்கு இரண்டு நண்பர்கள், ஓட்டோ டோப்லிட்ஸ், எர்ன்ஸ்ட் ஹெல்லிங்கர். மூவரும் யூதர்கள், மூவருக்கும் கணிதப் பைத்தியம். உலகத்திலேயே சிறந்த கணித ஆசிரியர்கள் கோட்டிங்கனில் இருக்கிறார்கள் என்று போர்னிடம் சொன்னவர்கள் இவர்கள்தான். 1904-ல் அவர் அங்கே போனார். டேவிட் ஹில்பர்ட்டுக்குச் சம்பளம் இல்லாத உதவியாளராக இருந்தார். முனைவர் பட்டம் வாங்கினார். 1913-ல் ஹெட்விக் எரன்பெர்க்கைக் கல்யாணம் செய்துகொண்டார். 1914-ல் லூத்தரன் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். காகிதத்தில் பார்த்தால் அவர் அதற்குப் பிறகு கிறிஸ்தவர்.

கோட்டிங்கன்: 12 வருடப் பொற்காலம்

1921-ல் போர்ன் கோட்டிங்கனில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அடுத்த 12 வருடம் அந்தச் சின்ன ஊர் இயற்பியலின் தலைநகரம் மாதிரி இருந்தது. வெர்னர் ஹைசன்பெர்க்கும் வுல்ஃப்காங் பாலியும் அவருக்கு உதவியாளர்களாக இருந்தவர்கள். பின்னாளில் அணுகுண்டுத் திட்டத்தால் பெயர் பெற்ற ராபர்ட் ஓப்பன்ஹைமர் 1927-ல் அவரிடம்தான் முனைவர் பட்டம் வாங்கினார். பின்னாளில் நோபல் பெற்ற மரியா கோப்பெர்ட் மேயரும் அவருடைய மாணவி.

1925-ல் ஹைசன்பெர்க் ஒரு விசித்திரமான கணக்குமுறையோடு வந்தபோது, அது அணிக் கணிதம் என்று கண்டுபிடித்தவர் போர்ன். பாஸ்குவல் யோர்டான் என்ற இளைஞரோடு சேர்ந்து அதை ஒரு முழுக் கோட்பாடாக்கினார். 1926-ல் இன்னொரு பெரிய அடி எடுத்து வைத்தார். ஓர் எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்றுதான் கணக்குப் போட முடியும் என்றார். நீங்க இப்போ கையில் வைத்திருக்கிற போனின் சிப் வரை, குவாண்டம் கணக்குகள் எல்லாமே இந்த விதியை நம்பித்தான் ஓடுகின்றன.

1933: ஒரு பட்டியல், இரண்டு சதவீதங்கள்

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7-ல் அரசுப் பணியைச் சீரமைக்கும் சட்டம் என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. ஆரியர் அல்லாதவர்கள் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்றது அது. ஜெர்மன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசு ஊழியர்கள். யார் ஆரியர் அல்லாதவர்? தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும். ஞானஸ்நானம் வாங்கியதெல்லாம் கணக்கில் வராது. வீட்டில் சடங்கு இல்லை, தன்னை ஜெர்மானியராகவே நினைத்தார் என்று மேலே பார்த்தோமே, அந்தச் சட்டத்தின் முன்னால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

அந்த ஏப்ரல் 25 அன்று கோட்டிங்கனில் ஆறு பேராசிரியர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். போர்ன், கணித மேதைகள் ரிச்சர்ட் கூரண்ட், எம்மி நோய்தர் ஆகியோர் அதில் இருந்தார்கள். தன் பெயர் பட்டியலில் இருப்பதை போர்ன் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அதே தேதியில் மாணவர்களுக்கும் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரைக் கவனிங்க: ஜெர்மன் பள்ளிகளிலும் உயர்கல்வி நிலையங்களிலும் நெரிசலைக் குறைக்கும் சட்டம். அதில் இரண்டு எண்கள் முக்கியம். புதிதாகச் சேர்பவர்களில் யூதர்கள் 1.5%-க்கு மேல் கூடாது. ஏற்கெனவே படிப்பவர்களோடு சேர்த்து 5%-ஐத் தாண்டக் கூடாது. முதல் உலகப் போரில் போர்முனையில் நின்றவர்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்கு விலக்கு.

உங்க காலேஜில் ஒரு பிரிவில் 200 இடம் என்று வச்சுக்கோங்க. 1.5% என்றால் மூன்றே மூன்று பேர். நான்காவது ஆள் எவ்வளவு மார்க் எடுத்திருந்தாலும் வெளியே. அன்று ஜெர்மனியில் யூதர்கள் மொத்தம் சுமார் 5 லட்சம் பேர், மக்கள்தொகையில் 1%-க்கும் குறைவு. அதனால் பார்ப்பவர்களுக்கு 1.5% என்பது தாராளமாகக்கூடத் தெரிந்திருக்கலாம். ஆனால் அந்த எண் யாரையும் உள்ளே கொண்டுவருவதற்காக வைத்தது கிடையாது. 1938 நவம்பரில் யூத மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவே முழுசா மூடப்பட்டது.

அப்போ இதுவும் நம்ம இடஒதுக்கீடும் ஒண்ணா?

சோஷியல் மீடியாவில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பதில், இல்லை. கங்காதர நெல்லூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. அங்கே சட்டம் ஒரு சமூகத்துக்குக் குறைந்தபட்ச இடத்தை உறுதி செய்கிறது. கல்லூரி இடஒதுக்கீடும் அப்படித்தான், பொதுப் போட்டியில் அவர்கள் எத்தனை இடம் பிடித்தாலும் தடை கிடையாது. 1933-ன் சட்டமோ அதிகபட்ச எல்லையை வைத்தது. ஒன்று தரை, மற்றது கூரை. இரண்டுக்கும் கோட்டா என்று ஒரே வார்த்தையைப் பயன்படுத்துவதால் வருகிற குழப்பம் இது.

மாணவர்களே வாசலை மறித்தபோது

மேலிருந்து வந்த உத்தரவு, பாவம் பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்று நினைக்கிறீங்களா? வரிசையாகப் பாருங்க.

ஜேம்ஸ் ஃபிராங்க், போர்னின் நெருங்கிய நண்பர், 1925-ன் நோபல் பரிசு பெற்றவர். போரில் சண்டை போட்டவர் என்பதால் அவருக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது. அந்தச் சலுகை வேண்டாம் என்று 1933 ஏப்ரல் 17-ல் தானே ராஜினாமா செய்தார். சக ஆசிரியர்கள் ஆதரவு தெரிவித்தார்களா? அந்த ராஜினாமா நாட்டுக்கு எதிரான சதி என்று கண்டித்து 42 பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மே 10-ல் ஜெர்மன் பல்கலைக்கழக நகரங்களில் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. அதை முன்னின்று நடத்தியது தேசிய மாணவர் அமைப்பு. கோட்டிங்கனிலும் எரித்தார்கள்.

நவம்பர் 2-ல் கணிதப் பேராசிரியர் எட்மண்ட் லாண்டாவ் பாடம் எடுக்க வந்தார். வகுப்பறை காலி. மாணவர்கள் வெளியே நின்றிருந்தார்கள், உள்ளே போக நினைத்த சிலரையும் தடுத்தார்கள். போராட்டத்தின் தலைவர் ஓஸ்வால்ட் டைஷ்முல்லர், வயது 20, அந்த வகுப்பிலேயே மிகத் திறமையான மாணவர். இன்றும் கணிதத்தில் அவர் பெயரில் ஒரு கோட்பாடு இருக்கிறது. லாண்டாவ் மறுபடி அங்கே பாடம் எடுக்கவில்லை.

போர்னோடு சேர்ந்து குவாண்டம் கோட்பாட்டை எழுதிய யோர்டானும் 1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். படிப்பும் அறிவும் வெறுப்புக்குத் தடுப்பூசி என்று நாம் நம்ப ஆசைப்படுகிறோம். கோட்டிங்கன் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை.

வேலை தேடிய 50 வயதுக்காரர்

1933 மே மாதம் போர்ன் குடும்பம் இத்தாலியில் செல்வா என்ற மலைக் கிராமத்துக்குப் போனது. ஓரிரு மாணவர்கள் அங்கேயும் தேடி வந்தார்கள், மரத்தடியில் பாடம் நடந்தது. பிறகு கேம்பிரிட்ஜில் ஒரு தற்காலிக வேலை. அப்போது அவருக்கு வயது 50. மூன்று பிள்ளைகள். உலகமே அவர் பெயரை அறிந்திருந்தது, ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் எங்கே போவது என்று தெரியாது. விசா புதுப்பிப்புக்கும் கான்ட்ராக்ட் நீட்டிப்புக்கும் காத்திருந்து பார்த்தவர்களுக்கு அந்த நிலை கொஞ்சம் புரியும்.

அந்த நேரத்தில் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. அனுப்பியவர் சி.வி. ராமன்.

பெங்களூரு: நடந்தது என்ன?

திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ராமன், 1930-ல் நோபல் பெற்றவர். 1933-ல் ஐ.ஐ.எஸ்.சி.யின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். ஹிட்லர் விரட்டுகிற அறிஞர்களை இங்கே கொண்டுவந்தால் இந்திய இயற்பியல் ஒரே பாய்ச்சலில் முன்னேறும் என்பது அவர் கணக்கு.

1935 இறுதியில் போர்னும் ஹெட்விக்கும் வந்தார்கள். சுமார் ஆறு மாதம் இருந்தார்கள். போர்ன் வகுப்பு எடுத்தார். நாகேந்திர நாத் என்ற இளம் இந்திய ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் 1936-ல் வெளிவந்தது. ஊர் பிடித்துப்போனது. போர்னுக்காகக் கணித இயற்பியலில் ஒரு நிரந்தரப் பேராசிரியர் பதவியை உருவாக்க ராமன் முயன்றார்.

அதற்காகத்தான் அந்த ஆசிரியர் கூட்டம். போர்னும் அதில் உட்கார்ந்திருந்தார். ராமன் அவரைப் புகழ்ந்து பேசித் தீர்மானத்தை வைத்தார். பிறகு ஆஸ்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்தார். போர்ன் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியபடி, சொந்த நாடே துரத்திவிட்ட இரண்டாம் தர வெளிநாட்டுக்காரர் இந்த நிறுவனத்துக்குத் தகுதியானவர் கிடையாது என்ற பொருளில் அவர் பேசினார். ஆஸ்டன் தம்பதியிடம் போர்ன் குடும்பம் அன்பாகப் பழகியிருந்ததால் அடி இன்னும் பலமாக விழுந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அழுதுவிட்டதாக போர்ன் எழுதியிருக்கிறார்.

அந்தப் பதவி உருவாகவே இல்லை.

இதை யூத வெறுப்பு என்று மட்டும் சுருக்கிவிடலாமா? நியாயமாகப் பார்த்தால் அங்கே வேறு சண்டைகளும் இருந்தன. ராமன் இயற்பியலுக்கே பணத்தைத் திருப்புகிறார் என்று மற்றத் துறைகளுக்குக் கோபம். ஆங்கிலேயர், இந்தியர் என்ற பிளவு வேறு. 1936-ல் ஜேம்ஸ் இர்வின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு வந்தது. 1937-ல் ராமன் இயக்குநர் பதவியை இழந்தார், பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். ஆக, குறி ராமன்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கூட்டத்தில் கையில் எடுத்த ஆயுதத்தைப் பாருங்க. யூதர் என்ற வார்த்தையே வேண்டியிருக்கவில்லை. ஹிட்லர் துரத்தியதையே அந்த மனிதரின் தகுதிக் குறைவாக மாற்றினால் போதுமானதாக இருந்தது. வெறுப்பு ஆஃபீஸ் அரசியலில் சவாரி செய்யும்போது அதைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது கஷ்டம். அதனால்தான் அது நிலைக்கிறது.

ராமன் ஹீரோவா?

இந்த விஷயத்தில் ஆமாம், ஒரு யூத அகதிக்காக நின்றார். ஆனால் அதே 1933-ல், அதே வளாகத்தில், கமலா பாகவத் என்ற பம்பாய் மாணவியின் விண்ணப்பத்தை, பெண் என்ற காரணத்தால் ராமன் நிராகரித்தார். அவர் விடாமல் போராடி, நிபந்தனைகளோடுதான் உள்ளே வர முடிந்தது. பின்னாளில் கமலா சொஹோனி என்ற பெயரில் புகழ்பெற்ற உயிர்வேதியியல் விஞ்ஞானி அவர்தான். ஒரு வாசலைத் திறக்கப் போராடியவரே இன்னொரு வாசலில் காவலுக்கு நின்றிருக்கிறார். ஒருவகைப் பாகுபாடு கண்ணில் படுகிறவருக்கு எல்லா வகையும் தானாகப் புலப்பட்டுவிடாது.

அதன் பிறகு

1936-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் போர்னுக்குப் பேராசிரியர் பதவி கொடுத்தது. 1953 வரை அங்கேதான் இருந்தார். 1939 ஆகஸ்ட் 31-ல் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். மறுநாள் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது, உலகப் போர் வெடித்தது.

அவருடைய கல்லூரி நண்பர்கள்? டோப்லிட்ஸ் 1935-ல் பான் பல்கலைக்கழக வேலையை இழந்து, 1939-ல் ஜெருசலேம் போய், அடுத்த வருடமே இறந்தார். ஹெல்லிங்கர் 1938-ல் டாக்காவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டார், விடுதலையாகி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

1953-ல் கோட்டிங்கன் நகரம் போர்ன், ஃபிராங்க், கூரண்ட் மூவரையும் கௌரவக் குடிமக்கள் ஆக்கியது. துரத்திய 20 வருடத்துக்குப் பிறகு! 1954-ல் நோபல் பரிசு, 1926-ல் செய்த வேலைக்காக. ஐன்ஸ்டீனுக்குப் பிடிக்காவிட்டாலும் போர்ன் முதுமையில் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1955-ல் அணு ஆயுதங்களுக்கு எதிரான ரஸ்ஸல்-ஐன்ஸ்டீன் அறிக்கையில் கையெழுத்திட்டார். 1970 ஜனவரி 5-ல் கோட்டிங்கனில் காலமானார். பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜான் அவருடைய பேத்தி.

சரி, இன்றைக்கு இது நமக்கு எதுக்கு?

2023 அக்டோபருக்குப் பிறகு அமெரிக்கா, பிரிட்டன் வளாகங்களில் யூத மாணவர்களின் பாதுகாப்பு, பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களின் உரிமை என்று பெரிய விவாதம் நடக்கிறது. நம்ம பிள்ளைகள் நிறைய பேர் அங்கே படிக்கிறார்கள். உங்களுக்கு எந்த அரசியல் நிலைப்பாடு இருந்தாலும் ஒரு கோட்டைத் தெளிவாக வச்சுக்கலாம். ஓர் அரசு செய்வதை விமர்சிப்பது வேறு. பக்கத்து பெஞ்சில் உட்காரும் மாணவரை, அவர் பிறப்பை வைத்து அந்த அரசின் பிரதிநிதியாக்கி ஒதுக்குவது வேறு. முஸ்லிம், பாலஸ்தீன மாணவர்களுக்கும் இதே கோடுதான்.

போர்னின் வாழ்க்கையைத் தேதி வாரியாக அடுக்கினால் ஒன்று தெரிகிறது. வியாட்ரினா காலத்து ஒதுக்கல், நின்றுபோகும் ஃபைல், செய்தித்தாளில் வந்த பட்டியல், 1.5%, 42 கையெழுத்து, காலி வகுப்பறை, பெங்களூரு மீட்டிங். இவற்றில் பெரும்பாலானவை கத்திச் சொன்ன வெறுப்பு கிடையாது. சட்டம், நெரிசல், தரம், துறைக்குப் பொருத்தம் என்ற சாதாரண ஆஃபீஸ் மொழியில் வந்தவை.

நீங்களும் இன்டர்வியூ பேனலில் உட்கார்வீங்க, அப்ரைசல் எழுதுவீங்க, ஆள் எடுக்கிற மீட்டிங்கில் இருப்பீங்க. இவர் நமக்கு செட் ஆக மாட்டார் என்று யாராவது சொன்னால், எந்த வேலை செட் ஆகாது, எந்தத் திறமை குறைகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 1936-ல் அந்தக் கூட்டத்தில் அதைக் கேட்டிருந்தால், குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவர் மல்லேஸ்வரம் பக்கத்தில் பாடம் நடத்திக்கொண்டு இருந்திருப்பார்.